சிரி வரட்டும்



போன வாரம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில், சாம்பல் முடியும் கன்னத்தில் தழும்புமாக ஒரு பெண்ணின் படத்தை வைத்தாலும் வைத்தேன், "யார் டீச்சர் இது, புது மருமகளா?" என்று ஏழெட்டுப் பேர் கேட்டுவிட்டீர்கள். சின்ன நாத்தனார் போனே போட்டுவிட்டார். மருமகள் இல்லை. அவள் பெயர் சிரி. தமிழில் எழுதினால் யாரையோ சிரிக்கச் சொல்வதுபோல் இருக்கிறது. அவள் கதையில் சிரிக்கக் காரணம் குறைவு. "தி விட்சர் 4" என்று ஒரு வீடியோ கேம் வரப்போகிறது. அதன் நாயகி அவள்.

ஆமாம், நான் கேம் விளையாடுகிறேன். 2020 ஊரடங்கில் மகன் பெங்களூரிலிருந்து வந்து வீட்டிலிருந்தே வேலை பார்த்தான். திரும்பிப் போகும்போது பிளேஸ்டேஷன் 4-ஐ டிவி ஸ்டாண்டிலேயே விட்டுவிட்டுப் போனான். உள்ளே "விட்சர் 3" இருந்தது. முதல் ஒரு மாதம் நான் குதிரை மட்டும்தான் ஓட்டினேன். அந்தக் குதிரை சில சமயம் வீட்டுக் கூரைமேல் ஏறி நின்றுகொள்ளும். அது நிரலில் உள்ள கோளாறு என்று மகன் சொன்னான். எனக்கு அது குதிரையின் சுபாவம் என்றே பட்டது.

தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. போலந்து எழுத்தாளர் ஆந்த்ரே சப்கோவ்ஸ்கி 1986-இல் ஒரு சிறுகதையில் படைத்த பாத்திரம், கெரால்ட் என்ற வெள்ளைமுடிக்காரன். கூலி வாங்கிக்கொண்டு பூதங்களை வெட்டுபவன். முதுகில் இரண்டு வாள்: மனிதருக்கு எஃகு, பூதத்துக்கு வெள்ளி. அந்தக் கதைகளை வைத்து வார்சாவில் உள்ள சிடி புராஜெக்ட் ரெட் என்ற நிறுவனம் கேம் செய்தது. மூன்றாவது, 2015 மே 19 அன்று வந்தது. "திறந்த உலகம்" என்பார்கள். கதை அதுபாட்டுக்கு ஒரு பக்கம் காத்திருக்கும், நாம் கால்போன போக்கில் எந்த ஊருக்கும் போகலாம், யாருடனும் பேசலாம். கெரால்ட் தேடி அலையும் வளர்ப்பு மகள்தான் சிரி.

அதில் வெலன் என்று ஒரு சதுப்பு நாடு. போர் கடந்துபோன இடம். மரத்தில் தொங்கும் உடல்கள், எரிந்த குடிசைகள், யார் ஆட்சியில் இருக்கிறோம் என்றே தெரியாத குடியானவர்கள். பானிப்பட் 1526, 1556, 1761 என்று உங்களையெல்லாம் சொல்ல வைத்தவள் நான். போர் முடிந்த மறுநாள் பக்கத்து கிராமத்தில் என்ன சமைத்தார்கள் என்பது எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. வெலனில் நடந்தபோது அதைப் பார்த்த மாதிரி இருந்தது.

அங்கே ஒரு கோட்டையில் குடிகாரப் பிரபு ஒருவர் இருக்கிறார். (ஆங்கிலப் பட்டத்தை அப்படியே தமிழில் எழுதினால் "பேரன்" ஆகிவிடுகிறது, அதனால் பிரபு.) மனைவியும் மகளும் காணவில்லை, கண்டுபிடித்துத் தா என்கிறார். போகப்போகத் தெரிகிறது, அவர் குடித்துவிட்டு அடித்ததில் மனைவிக்குக் கரு கலைந்திருக்கிறது. பெயர் வைக்காமல், முறையாகப் புதைக்காமல் விட்ட அந்தச் சிசு பூதமாகி அலைகிறது. ஸ்லாவிய நாட்டார் நம்பிக்கையில் உள்ள விஷயம் இது. அதைக் கொல்லலாம், அல்லது அந்த அப்பனே அதைக் கையில் ஏந்தி வந்து, பெயர் வைத்து, வாசற்படியின் கீழ் அடக்கம் செய்யலாம். நான் இரண்டாவதைச் செய்தேன். மழையில் அந்த மனிதர் அந்தச் சிசுவை ஏந்திக்கொண்டு நடப்பதைப் பார்த்தபோது என் வகுப்பில் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணின் அப்பா நினைவு வந்தது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் முழுக்கை ரவிக்கை போட்டு வந்த அவள் அம்மாவும். பெயர் சொல்லமாட்டேன். இதைப் படித்தால் அவளுக்கே தெரியும். இன்று நன்றாக இருக்கிறாள்.

இந்தக் கேமில் எனக்குப் பிடித்தது இதுதான்: பூதத்துக்குப் பின்னால் ஒரு வீடு இருக்கும். இன்னொன்று, நம் முடிவின் விளைவு உடனே வராது. ஒரு குன்றில் மரத்துக்கு அடியில் சிறைப்பட்ட ஆவி ஒன்று. அதை விடுவித்தால் அநாதைப் பிள்ளைகள் பிழைப்பார்கள், பிரபுவின் மனைவி சாபப்பட்டுச் சாவாள், பிரபு தூக்கில் தொங்குவார். ஆவியைக் கொன்றால் பிள்ளைகள் இல்லை. அந்த அம்மா புத்தி பேதலித்தாலும் உயிரோடு இருப்பாள். இது தெரியவருவதற்குள் பல மணி நேரம் ஆகிவிடும். எது சரி என்று மகனும் நானும் போனில் இரண்டு வாரம் வாதாடினோம்.

ஆனால் கல்வியியல் பட்டப்படிப்பில் பாடமாகவே வைக்கலாம் என்று நான் நினைப்பது சிரியின் பகுதி. கடைசியில் அவள் பிழைப்பதும் சாவதும் நம் வாள் வீச்சில் இல்லை. அவள் சோர்ந்து உட்காரும்போது "எல்லாவற்றிலும் நீ கெட்டிக்காரியாக இருக்க வேண்டியதில்லை" என்கிற தோரணையில் சமாதானம் சொல்கிறோமா, அல்லது எழுப்பிவிட்டுப் பனிக்கட்டி உருட்டி எறிந்து விளையாடுகிறோமா? பெரிய மனுஷிகள் அவளைப் பேச அழைக்கும்போது கூடவே போகிறோமா, தனியாக அனுப்புகிறோமா? செத்த நண்பனின் சமாதிக்குப் போகவேண்டும் என்றால் "நேரமில்லை" என்கிறோமா? இப்படி ஐந்தாறு சின்ன விஷயங்களைக் கேம் சத்தமில்லாமல் கணக்கு வைத்துக்கொள்கிறது. நாம் பாதுகாப்பு என்று நினைத்துச் செய்வதெல்லாம் அங்கே அவள் நம்பிக்கையைக் குறைக்கிறது. பெற்றோர் சந்திப்பில் நான் தொண்டை வறளச் சொன்னதை இவர்கள் ஒரு பனிக்கட்டியில் சொல்லிவிட்டார்கள்.

இப்போது அந்தப் பெண்ணே நாயகி. 2024 டிசம்பரில் முன்னோட்டம் வந்தது. பூதத்துக்குப் பலியாக அனுப்பப்பட்ட ஒரு கிராமத்துப் பெண்ணைச் சிரி காப்பாற்றுகிறாள். ஊருக்குத் திரும்பி வந்து பார்த்தால் ஊர்க்காரர்களே அந்தப் பெண்ணைக் கொன்றுவிட்டிருக்கிறார்கள். பார்த்துவிட்டு அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு பெண்ணை நாயகியாக்கிவிட்டார்களே என்று சில பையன்கள் இணையத்தில் புலம்பினார்கள். நாவல்களைப் படித்தவர்களுக்குத் தெரியும், கதையே அவளைச் சுற்றித்தான்.

எனக்குச் சில எதிர்பார்ப்புகள் உண்டு. அவள் கண் இப்போது பூனைக் கண்ணாக இருக்கிறது. சிறுவர்களில் பெரும்பாலோரைக் கொன்றுவிடும் மூலிகைச் சோதனைக்கு வளர்ந்த பெண் ஏன் உடன்பட்டாள் என்பதை ஒழுங்காகச் சொல்லவேண்டும். சண்டைக்கு வசதி என்பதற்காக என்று முடித்துவிட்டால் கோபம் வரும். அடுத்து, கோவிர் என்ற வடக்கு நாட்டை 2025 ஜூனில் காட்டினார்கள். பைன் காடு, பனிமலை, சந்தை கூடும் துறைமுக ஊர் என்று அழகாகத்தான் இருக்கிறது. நாவலில் அது சுரங்கத்தாலும் வணிகத்தாலும் பணம் சேர்த்து, போர்களில் ஒதுங்கி நின்ற நாடு. அப்படிப்பட்ட நாட்டில் சுரங்கத்துக்குள் இறங்குபவன் வீட்டையும் காட்டவேண்டும். வெலனைக் காட்டியவர்களிடம் இதைக் கேட்பது அதிகமில்லை.

அவசரப்படவும் வேண்டாம். இதே நிறுவனத்தின் "சைபர்பங்க் 2077" 2020 டிசம்பரில் அரைவேக்காடாக வந்து, பிளேஸ்டேஷன் கடையிலிருந்தே ஆறு மாதம் நீக்கப்பட்டது. பிறகு உழைத்துச் சரிசெய்தார்கள், அதையும் சொல்லவேண்டும். இந்தக் கேம் 2026 முடிவதற்குள் வராது என்று சொல்லிவிட்டார்கள். நல்லது. எனக்கு வயது 66, கட்டைவிரல் மூட்டில் வலி, ஒரு கண்ணில் புரை எடுத்தாயிற்று. இருந்தாலும் காத்திருக்கிறேன். எழுத்தை மட்டும் பெரிதாகப் போடுங்கள், போலந்துக்காரர்களே! விட்சர் 3-இல் கடிதங்களைப் படிக்க டிவிக்கு முன் ஸ்டூல் போட்டு உட்காரவேண்டியிருந்தது.

இவர்கள் அப்பா போன பிறகு மகனுக்கும் எனக்கும் போனில் பேச்சு "சாப்டியா", "மாத்திரை போட்டியா" என்று இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். சிரியைத் தேட ஆரம்பித்த பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மணி நேரம் ஓடும். பிரபுவைப் பற்றிப் பேச ஆரம்பித்துத்தான் ஒருநாள் அவன் அப்பாவைப் பற்றிப் பேசினான், முதல்முறையாக. கேம் முடிந்து நாளாயிற்று, பேச்சு மறுபடி சுருங்கிக்கொண்டு வருகிறது.

புதுக் கேம் பழைய பெட்டியில் ஓடாதாம். பிளேஸ்டேஷன் 5 ஆர்டர் போட்டுக் கூரியரில் அனுப்புகிறேன் என்கிறான். கூரியர் வேண்டாம், நீயே எடுத்து வா, ஒயர் மாட்ட எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கிறேன். (தெரியும்.)

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எனக்கு முன்னால் விளையாடி முடிப்பவர்கள், குறிப்பாக 1998 பிளஸ் டூ, கமெண்டில் வந்து முடிவைச் சொல்லக்கூடாது.