ஆறு துவாயும் ஒரு சாமியறையும்

காலை ஏழேகாலுக்கே லொறி வந்துவிட்டது. 2025 மார்ச் மாதக் கடைசி. ஸ்காபரோவில் பனி கரைந்து, தெருவோரமெல்லாம் உப்பும் சேறுமாகக் கிடந்தது. லொறியிலிருந்து முதலில் இறங்கியது செற்றியும் இல்லை, கட்டிலும் இல்லை. ஒரு பெட்டி நிறைய நீலநிறப் பிளாஸ்ரிக் உறைகள். சப்பாத்துக்கு மேலே மாட்டுவது.

"அண்ணை, நீங்களும் போடுங்கோ. நேற்றுத்தான் நிலம் மினுக்கினது" என்று ஒரு சோடியை என் பக்கம் எறிந்தார் அக்கா.

அவர் என்னைவிடப் பத்து வயது இளையவர். வேலைக்கு வரும் பொடியன்கள் அக்கா என்று கூப்பிடுவதால் எனக்கும் அதுவே வாயில் வந்துவிட்டது. பெயர் போடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். விற்பனைக்கு வரும் வீடுகளை வாடகைத் தளபாடங்களால் அலங்கரித்துக் கொடுப்பது அவர் தொழில். இங்கே ஸ்ரேஜிங் என்பார்கள். ரொறன்ரோவில் வீடு விற்கிற தமிழர் வாயில் இப்போது மோட்கேஜுக்கு அடுத்தபடி அடிபடும் சொல் அது.

அமெரிக்காவின் சியாட்டில் பக்கத்தில் 1972இல் பார்ப் ஷ்வார்ட்ஸ் என்ற பெண்மணி இதைத் தொடங்கிவைத்ததாகச் சொல்வார்கள். வீட்டுக்காரரின் மனம் நோகாமல் "உங்கள் சாமான்களைக் கொஞ்சம் அப்புறப்படுத்துங்கள்" என்று சொல்ல அவருக்கு ஒரு வழி தேவைப்பட்டது. நாடக மேடையை உவமையாகப் பிடித்துக்கொண்டார். எனக்கு ஊர்க் கோயில் திருவிழா நாடகங்கள் நினைவுக்கு வந்தன. அரண்மனை சீன், காட்டு சீன், தெரு சீன் என்று திரைகளை வாடகைக்கு எடுத்து வருவோம். விடிந்ததும் சுருட்டிக் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். அக்காவின் லொறிக்குள் ஏறிப் பார்த்தபோது அதே மணம், பழைய துணியும் தூசியும் கலந்த மணம்.

வேலை உண்மையில் பத்து நாளுக்கு முன்பே தொடங்கியிருந்தது. நான்கு படுக்கையறை, செங்கல் முகப்பு, இரண்டு கார் நிற்கும் கராஜ், தனி வாசலோடு பேஸ்மென்ட். அங்கிளும் அன்ரியும் 1998இல் வாங்கிய வீடு. பிள்ளைகள் மூன்று பேரும் கட்டிப் போய்விட்டார்கள். இனி ஏஜாக்ஸில் மகனோடு இருப்பதாக ஏற்பாடு. முதல்நாள் அக்கா வந்தபோது அவர் கையில் அளவுநாடாகூட இல்லை. கதவைத் திறந்ததும் வாசலிலேயே நின்று ஒருதரம் மூச்சை இழுத்தார். இரண்டாவது மூச்சு உதவாதாம். மூக்கு அதற்குள் பழகிவிடும்.

இருபத்தேழு வருடத்து வறுத்த மிளகாய்த்தூள். நல்ல மணம்தான். ஆனால் அது எங்கெங்கே குடியிருக்கிறது என்று அக்கா விளக்கியபோதுதான் இந்த நாட்டு வீடுகளின் உள்கட்டமைப்பு எனக்குப் பிடிபட்டது. குளிர்காலத்தில் யன்னல் திறக்க முடியாது. பேஸ்மென்டில் இருக்கும் உலை வீட்டுக் காற்றையே திரும்பத் திரும்ப இழுத்துச் சூடாக்கிக் குழாய்வழியே எல்லா அறைக்கும் அனுப்பும். குசினியில் தாளித்த வெங்காயம் அரைமணி நேரத்தில் மேல்மாடி அலுமாரிக்குள் போய்ச் சேர்ந்துவிடும். அதனால் அடுப்புக்கு மேலுள்ள புகைபோக்கியின் வடிகட்டி, உலையின் வடிகட்டி, திரைச்சீலை, படிக்கட்டுக் கம்பளம், பிறகு சுவர். இதுதான் சுத்தப்படுத்தும் வரிசை. கம்பளத்தைப் பிய்த்து எறிந்தார்கள். சுவரை டிஎஸ்பி என்ற கழுவுதூள் கரைத்த நீரால் கழுவி, மணத்தை உள்ளேயே பூட்டிவைக்கும் பிரைமர் ஒரு பூச்சு, அதற்குமேல் வெள்ளை இரண்டு பூச்சு. அதுவரை சுவர் சந்தன நிறம். அன்ரி தானே தெரிவுசெய்தது.

"வாசனைத் திரவியம் அடிச்சால் போதாதோ பிள்ளை?"

"வேண்டாம் அன்ரி. வாசனை அடிச்சால் இவை என்னத்தையோ மறைக்கினம் எண்டு வாறவைக்கு விளங்கிப்போடும்."

அன்றிலிருந்து அந்த வீட்டில் பொரியல் நின்றது. மகன் வீட்டிலிருந்து சாப்பாடு பெட்டியில் வந்தது.

பிறகு படங்கள். நாற்பத்துமூன்று என்று நானே எண்ணினேன். பட்டமளிப்பு, கல்யாணம், மகளின் சாமத்தியவீடு, மாலை போட்ட பெரியவர். இரண்டாம் மகன் உயரம் வளர்ந்த கணக்கு குசினிக் கதவு நிலையில் பென்சில் கோடுகளாக. "எங்கடை வீட்டிலை எங்கடை படம் இருந்தால் என்ன?" என்றார் அங்கிள். சத்தம் போடவில்லை. ஆனால் சாய்வுக் கதிரையை விட்டு எழும்பவும் இல்லை. அக்கா பக்கத்தில் குந்தியிருந்து சொன்ன பதில்தான் இந்தத் தொழிலில் அவருடைய கெட்டித்தனம் என்று நினைக்கிறேன். "அங்கிள், வீடு பாக்க வாறவை எங்கடை ஆக்களெண்டால் படத்தைத்தான் பாப்பினம். ஆர், எந்த ஊர், பிள்ளை டொக்டரோ எண்டு விசாரிப்பினம். சுவரை ஒருத்தரும் பாக்க மாட்டினம்."

அங்கிள் சிரித்துவிட்டார். சாய்வுக் கதிரை அடுத்தநாள் போனது. பென்சில் கோடுகளுக்கு மேல் பெயின்ற் ஏறுவதற்கு முன் மகள் வந்து கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு போனார்.

அதிகம் இழுத்தது சாமியறை. மேல்மாடியில் துவாய், படுக்கைவிரிப்பு அடுக்குவதற்கென்று கட்டிய சிறிய அலுமாரி அது. தட்டுகளைக் கழற்றி, உள்ளே மின்விளக்குக்காக ஒரு பிளக் பொருத்தி, கதவில் மணி கட்டி அன்ரி அதைக் கோயிலாக்கியிருந்தார். கற்பூரப் புகையில் மேற்கூரை கறுத்திருந்தது. படங்கள் ஒவ்வொன்றாக வெள்ளைத் துணியில் சுற்றி ஏஜாக்ஸுக்குப் போயின. அன்ரி மடியில் வைத்துக்கொண்டுதான் போனார். கறுப்பு மட்டும் போகவில்லை. பிரைமர் அடித்தால் மறுநாள் மஞ்சளாக ஊறி வந்தது. மூன்றாம் பூச்சில்தான் அடங்கியது. பழையபடி தட்டுகளைப் பூட்டி, ஆறு வெள்ளைத் துவாய்களை மூன்றாய் மடித்து, மடிப்பு வெளியே தெரிய அடுக்கினார் அக்கா. பிளக் இருந்த தட்டில் துவாய் கொஞ்சம் முன்னே தள்ளி நின்றது.

லொறி வந்த அன்றைக்கு வருகிறேன். இரண்டு பொடியன்கள். ஒருவன் கிளிநொச்சி, மற்றவன் ஜலந்தர். இருவருக்கும் பொதுவாக அரைகுறை ஆங்கிலமும் கைச்சைகையும். ஆனால் மூன்று பேர் இருக்கும் செற்றியைக் குறுகிய படிவளைவில் நிமிர்த்தித் திருப்பும்போது இருவருக்கும் ஒரு சொல்கூடத் தேவைப்படவில்லை. தோளில் பட்டி, சுவர் மூலைக்குப் போர்வை, கதிரைக் கால்களுக்கு அடியில் கம்பளித் துண்டு. புது பெயின்றில் ஒரு கீறல் விழுந்தால் அது அக்காவின் கணக்கில். மணிக்கு இருபது டொலர் கொடுத்தார். ஒன்ராறியோவில் அப்போது குறைந்தபட்சக் கூலி 17.20. முதுகுக்கு இது போதாது என்பது என் அபிப்பிராயம். அதை அக்காவிடமும் சொன்னேன். "தெரியும் அண்ணை" என்றார். பேச்சை மாற்றிவிட்டார்.

கட்டில் போடுவதைப் பார்த்து அசந்துபோனேன். கட்டிலே இல்லை. தடித்த மட்டையை மடித்துக் கட்டில் அளவுக்கு ஒரு பெட்டி. மேலே காற்றடித்த மெத்தை. அதற்குமேல் பாவாடை மாதிரி ஒரு துணி, வெள்ளைப் போர்வை, ஏழு தலையணை. யாராவது வந்து குந்தினால் கதை முடிந்தது. "இதிலை இருக்கவேண்டாம் எண்டு எழுதி ஒட்டினால் வடிவில்லை" என்று அதன்மேல் ஒரு தட்டும் இரண்டு கோப்பையும் வைத்தார் அக்கா. தட்டு இருக்கிற கட்டிலில் எவரும் இருக்கமாட்டார்கள்.

கிளிநொச்சித் தம்பி என் காதருகே சொன்னான்: "நாங்கள் நாலு பேர் ஒரு பேஸ்மென்டிலை, மெத்தை நிலத்திலை. இஞ்ச மட்டைப் பெட்டி கட்டில் வேஷம் போடுது."

சின்ன அறைக்குச் சின்னக் கட்டில், கண்ணுக்கு அறை பெரிதாகும். செற்றியைச் சுவரோடு ஒட்டக்கூடாது. நம்மவர்கள் எல்லோரும் ஒட்டித்தான் போடுவோம், கல்யாண மண்டபம் மாதிரி. கம்பளம் சிறிதாக இருந்தால் அறையும் சிறுத்துவிடும், ஆகவே செற்றியின் முன்னங்கால் இரண்டும் அதன்மேல் ஏறவேண்டும். திரைச்சீலைக் கம்பியை யன்னல் தலைப்பில் அல்ல, கூரையை ஒட்டி அடித்தார்கள். படத்தின் நடுப்புள்ளி நிலத்திலிருந்து 57 அங்குலத்தில் வரவேண்டும், ஓவியக் கூடங்களின் கணக்கு. பல்புகள் முழுவதையும் கழற்றி ஒரே நிறச் சூட்டில் மாற்றினார்கள். அன்ரி வீட்டில் ஒரு அறை மஞ்சள், ஒரு அறை ஆஸ்பத்திரி வெள்ளை. இதையெல்லாம் அக்கா பேச்சுவாக்கில் சொல்லிக்கொண்டே, ஒரு விளக்கை மட்டும் ஐந்து தடவை இடம் மாற்றினார். ஏன் ஐந்தாவது இடம் சரி என்று கேட்டேன். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

எனக்குப் பிடிக்காததையும் சொல்லவேண்டும். எல்லாம் முடிந்தபோது அது நான் பார்த்த மற்றைய இருபது விற்பனை வீடுகளைப்போலவே இருந்தது. வெள்ளைச் செற்றி, சாம்பல் தலையணை, மேசையில் மணிக்கூடும் அல்லாத சிலையும் அல்லாத ஏதோ ஒரு கறுப்பு உலோகம், கிண்ணத்தில் பிளாஸ்ரிக் எலுமிச்சை. அதைவிட, பெட்டிக்குள் இருந்து புத்தகங்கள் வந்தன. நிறம் பார்த்து வாங்கியவை. முதுகு உறுத்துகிறது என்று இரண்டைத் திருப்பி, தாள்பக்கம் தெரிய அடுக்கினார். எழுதுகிறவன் பக்கத்தில் நிற்கிறேன் என்ற யோசனையே அவருக்கு இல்லை.

மத்தியானம் கராஜில் பெட்டிகள்மேல் இருந்து கொத்துரொட்டி சாப்பிட்டோம். உள்ளே சாப்பிட அனுமதி இல்லை. கதை சந்தைக்குப் போனது. 2022 பெப்ரவரியில் ரொறன்ரோ வட்டாரத்துச் சராசரி வீட்டு விலை 13 லட்சம் டொலரைத் தாண்டி நின்றது. வியாழன் சந்தைக்கு வந்த வீடு அடுத்த செவ்வாய் போய்விடும். அக்காவின் செற்றிகள் ஒரு மாதத்தில் மூன்று வீடு பார்த்துவிடும். பிறகு மத்திய வங்கி வட்டியை ஏற்றத் தொடங்கியது. கால் வீதத்தில் கிடந்தது 2023 ஜூலையில் 5 வீதத்துக்குப் போனது. 2025 மார்ச்சில் 2.75க்கு இறங்கியும் வாங்குகிறவர்கள் காத்திருந்தார்கள். தளபாடங்கள் இரண்டு மாதம், மூன்று மாதம் என்று வீடுகளில் மாட்டிக்கொள்ள, மார்க்கம் நகரில் உள்ள அவருடைய களஞ்சியம் காலியாகக் கிடந்தது. சாமான் முழுக்க வெளியே, காசும் வெளியே. முகவர்கள் "ஸ்ரேஜிங் இலவசம்" என்று விளம்பரம் போடுகிறார்கள். தங்கள் கமிஷனில் இருந்து கொடுப்பது. முதல் மாதத்துக்குப் பேசிய தொகை வந்துவிடும். இரண்டாம் மாத வாடகை கேட்டால் சிலர் போனை எடுப்பதில்லை.

"இப்பிடிச் செய்தால் விலை கூடுமோ?" என்று கேட்டேன்.

"கூடும் எண்டு நான் ஒருநாளும் சொல்ல மாட்டன். ஆக்கள் முதல் ஃபோனிலைதான் வீடு பாக்கினம். படம் வடிவாயிருந்தால் நேரை வருவினம். வந்தாப் பிறகு வீடுதான் கதைக்கவேணும்."

வீடு பேசுவதற்கு முன்பே சில விஷயங்கள் பேசிவிடும். வடக்கே ரிச்மண்ட் ஹில் நகரசபை 2013இல் புதுக் குடியிருப்புகளில் 4ஆம் இலக்கத்தையே நிறுத்திவிட்டது. சீனக் குடும்பங்களுக்கு அது மரணத்தின் ஒலி. நம்மவர்கள் திசைகாட்டியோடு வந்து வாசல் எந்தப் பக்கம் என்று பார்க்கிறார்கள். செற்றியை எங்கே போட்டாலும் வாசலைத் திருப்ப முடியாது. இந்த வீட்டுக்குக் கிழக்கு வாசல், இலக்கம் 4 இல்லை.

மறுநாள் காலை படம் பிடிக்கிறவர் வந்தார். எல்லா விளக்கும் எரிய, கழிவறை மூடிகள் எல்லாம் சாத்தியபடி, அகலக் கண்ணாடியில் அறை அறையாக. குசினி யன்னலடியில் வந்தவர் நின்று ஒரு சாடியைக் காட்டினார். அன்ரியின் கறிவேப்பிலை. குளிருக்குப் பயந்து உள்ளே வைத்து வளர்த்த ஐந்தடிச் செடி. அக்கா அதை விட்டுவைத்திருந்தார், பச்சைதானே என்று. படத்தில் அது ஒழுங்கில்லாத செடியாக விழுந்தது. கராஜில் வைத்தால் ஒரு இரவில் கருகிவிடும். போர்வை சுற்றி, அக்காவின் காரில் முன் இருக்கையில் பட்டியும் போட்டு ஏஜாக்ஸுக்கு அனுப்பினோம்.

நாற்பத்தோராம் நாள் திரும்பவும் லொறி. வீடு போய்விட்டது, அங்கிள் எதிர்பார்த்ததற்குக் கொஞ்சம் கீழே. வங்கி, வீட்டுப் பரிசோதனை என்ற நிபந்தனைகள் எல்லாம் நீங்கிய பிறகுதான் சாமான் எடுக்கலாம். கழற்றுவது பூட்டுவதைவிடக் கெதி. ஒரு மணிநேரத்தில் மெத்தைகளின் காற்று இறங்கி, மட்டைகள் தட்டையாகிவிட்டன. வாங்கினவர்கள் தமிழர்கள் என்று முகவர் சொன்னார். மகனும் மருமகளும் குசினியிலும் பேஸ்மென்டிலும் நிற்க, தாய் மட்டும் மேலே போய்ச் சின்ன அலுமாரியைத் திறந்தாராம். துவாயை ஒதுக்கிப் பிளக்கைக் கண்டார். தலையை உள்ளே நீட்டி மேற்கூரையைப் பார்த்தார். பிறகு கீழே வந்து மகனிடம், "இதிலை முந்தி சாமி இருந்திருக்கு" என்றார்.

அக்கா அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. படிக்கட்டில் பட்டியலோடு இருந்து ஒவ்வொன்றாகக் கோடு கிழித்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, துவாய் ஆறு வைச்சனான். அஞ்சுதான் இருக்கு."

"நான் எடுக்கேல்லை அக்கா."

எல்லாப் பெட்டியையும் திறந்து பார்த்தார்கள். கிடைக்கவில்லை. 'துவாய், வெள்ளை, 1 குறைவு' என்று பட்டியலில் எழுதிவிட்டு அக்கா சப்பாத்து உறையைக் கழற்றினார்.