இது நமக்கில்லாத மேகம்!

கம்ப்யூட்டரில் நார்வே ஃபியோர்டு படத்தை வால்பேப்பரா வெச்சிருக்கிற ஆளா நீங்க? அப்ப ஒரு தடவை சங்கரன்கோவில் - ராஜபாளையம் பஸ்ஸில் ஏறி, கரிவலம்வந்தநல்லூரில் இறங்குங்க. மேற்கே பாருங்க... நீலமா மேற்குத் தொடர்ச்சி மலை! ஊரை ஒட்டி நிட்சேப நதி. தண்ணியா? வடகிழக்குப் பருவமழை வந்தா உண்டு. இல்லேன்னா மணலும் சீமைக்கருவேலமும்தான்.

ஃபியோர்டுங்கிறது பனியாறு குடைஞ்ச பள்ளம். பனி உருகி விலகினதும் கடல் உள்ளே புகுந்துடுச்சு. சோக்னெஃபியோர்டு மட்டும் 200 கிலோமீட்டருக்கு மேல நீளம், 1,300 மீட்டர் ஆழம். நம்ம மலையில பனியாறுக்கு வேலையே இல்லை. மழையும் ஓடையும் செதுக்கினதுதான்.

ஆனா, ஒரு விஷயத்துல ரெண்டும் ஒண்ணு பாஸ். அந்த ஃபியோர்டின் உள்கோடியில் லேர்டால்னு ஓர் ஊர். கடல் காத்து சுமந்து வர்ற மழையை முன்னால நிக்கிற மலைகளே கறந்துடும். லேர்டாலுக்கு மிச்சம் மீதிதான். நார்வேயிலேயும் வாய்க்கால் வெட்டித் தண்ணி பாய்ச்சின ஊர் அது!

இங்கேயும் அதே கதை. தென்மேற்குப் பருவமழை கேரளாவில் கொட்டித் தீர்த்துடும். நமக்குக் காத்து மட்டும். ஜூலையில மலை மேல நிக்கிற மேகத்தைக் காட்டினா, "அது நமக்கில்லலே"ம்பாங்க எங்க ஆச்சி. மானாவாரி மக்காச்சோளத்துக்கு ஐப்பசி மழைதான் கதி. போன லீவுல போனப்ப விதை வாங்கி வெச்சிருந்தாங்க. உழவு இன்னும் ஓட்டலை.