பழைய வேனுக்குப் புதிய குரல்

ஒரு ஸ்டீரியோவை மாற்ற ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து புறப்பட்டால் பாதிப் பெங்களூரையும் பார்த்துவிடலாம். வேனுக்குச் சேதமில்லாமல் திரும்பி வருவதுதான் சாமர்த்தியம்.

பெங்களூரின் சந்தடி ரிச்சர்ட்ஸ் டவுனுக்குள் நுழையும்போது சற்றே குரலைத் தாழ்த்திக்கொள்கிறது. பூங்கா, அதைச் சுற்றி மரங்கள், மரங்களுக்குப் பின்னால் ஓட்டுக் கூரை பங்களாக்கள். சில ஜன்னல்களின் மேல் கூர்மையான மரத் தடுக்கு இன்னும் மிச்சமிருக்கிறது. 'மங்கி டாப்' என்று பெங்களூர்க்காரர்கள் செல்லமாக அழைக்கும் அந்த வேலைப்பாடு ஆண்டுக்கு ஆண்டு குறைந்துவருகிறது. ஒரு பங்களா இடிந்தால் அங்கே நான்கு மாடி எழுகிறது. பங்களாவின் கார் ஷெட்டும் அதனுடன் போகிறது.

பேட்டைக்குப் பெயர் தந்தவர் எஃப்.ஜே. ரிச்சர்ட்ஸ். சென்னை மாகாண ஐ.சி.எஸ். அதிகாரி, பெங்களூர் கண்டோன்மென்டின் கலெக்டர். 1909இல் தொடங்கிய மிதிக் சொசைட்டியின் முதல் தலைவரும் அவரே. தமிழ் வாசகர்களுக்கு அவர் வேறு வகையிலும் அறிமுகமானவர்: 1918இல் வெளியான சேலம் மாவட்ட கெசட்டியரை எழுதியவர். 1898இல் பெங்களூரைத் தாக்கிய பிளேக், நெருக்கடியான குடியிருப்புகளிலிருந்து மக்களை வெளியே நகர்த்தியது. அதன் பிறகு காற்றோட்டமாகத் திட்டமிடப்பட்ட புதிய பேட்டைகளில் பிரேசர் டவுன் முக்கியமானது. அதை ஒட்டியே ரிச்சர்ட்ஸ் டவுனும் வளர்ந்தது. 1914இல் தொடங்கிய கிளாரன்ஸ் உயர்நிலைப் பள்ளி இன்றும் இங்கே பாட்டரி ரோட்டில் இயங்குகிறது.

அகலமான வாசலும் உயரமான ஷெட்டும் கொண்ட இத்தகைய வீடுகள்தான் பழைய வேன்களுக்கும் கடைசிப் புகலிடம். அடுக்குமாடிக் கட்டடத்தின் தரைக்கடியில் அளவெடுத்துக் கோடு போட்ட பார்க்கிங்கில் ஒரு மெட்டடார் நுழைந்தால் முதலில் இடிப்பது அதன் கூரையாகத்தான் இருக்கும்.

இந்தியாவில் 'கேம்பர் வேன்' என்று தனியாக ஒரு வண்டி வெகுகாலம் விற்கப்படவில்லை. ஆனால் அந்த ஆசை பழையது. ஐரோப்பாவிலிருந்து துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாக ஃபோக்ஸ்வேகன் வேன்களில் படுக்கையும் அடுப்புமாக வந்த இளைஞர்களை 1960களிலும் 70களிலும் இந்திய நகரங்கள் பார்த்தன. 1979இல் ஈரானியப் புரட்சியும் ஆப்கானிஸ்தானில் சோவியத் படை நுழைந்ததும் அந்தப் பாதையை மூடிவிட்டன. இங்கே அந்த வேலையைச் செய்தவை பஜாஜ் டெம்போவின் மெட்டடார், 1987இல் வந்த டிராவலர், 1984இல் வந்த மாருதியின் சின்ன வேன் ஆகியவை. பின் இருக்கைகளைக் கழற்றிப் பலகை போட்டு, மெத்தை விரித்து, கேஸ் அடுப்பைக் கட்டிக்கொண்டு வயநாட்டுக்கும் ஊட்டிக்கும் போன குடும்பங்கள் பல.

அந்தப் பயணங்களின் துணை ஒரு கேசட் பிளேயர். அதுவும் மௌனமாகும்போதுதான் பிரச்சினை தொடங்குகிறது. ரப்பர் பெல்ட் தளர்ந்து பாட்டு இழுக்கிறது. அல்லது டேப்பைத் தின்றுவிடுகிறது. 'புதுசு ஒன்று போட்டால் போச்சு' என்று எளிதாகத் தோன்றும். ஆனால் பழைய வேனில் ஸ்டீரியோவை மாற்றுவது டி.வி. மாற்றுவது போன்றதல்ல. புதிய பெட்டி ஒரு காலத்துக்கு, வண்டியின் இரும்பும் ஒயரும் இன்னொரு காலத்துக்குச் சொந்தம். இரண்டையும் சமரசம் செய்ய ஆள் வேண்டும்.

ரிச்சர்ட்ஸ் டவுன்காரர்களின் முதல் நிறுத்தம் பக்கத்திலேயே இருக்கிறது. பாட்டரி டவுன் குயவர்களின் சக்கரங்களைத் தாண்டிச் சில கிலோமீட்டர் போனால் சிவாஜிநகர். 1927இல் கட்டப்பட்ட ரஸ்ஸல் மார்க்கெட்டின் காய்கறி வாசனையையும் செயின்ட் மேரி பசிலிக்காவின் மணியோசையையும் கடந்து உள்ளே நுழைந்தால், பழைய வாகனங்களைப் பிரித்து விற்கும் சந்துகள். உற்பத்தி நின்றுபோன வண்டியின் டேஷ்போர்டு கைப்பிடி, ரேடியோவைத் தாங்கும் தகடு, வேறெங்கும் கிடைக்காத குமிழ் எல்லாம் இந்தக் குவியல்களில் தேடினால் அகப்படக்கூடும். பேரம் தமிழில் தொடங்கி, தக்கணி உருதுவில் சூடேறி, கன்னடத்தில் முடியும். 1864இல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயில் பாதை வந்தபின் தமிழர் வரத்து பெருகிய கண்டோன்மென்ட் இது. 'செல்ஃப் எடுக்கலை', 'எர்த் அடிக்குது' என்றால் எந்த மொழிக்காரருக்கும் இங்கே புரியும்.

அடுத்தது எஸ்.பி. ரோடு. சதர் பத்ரப்பா பெயரிலான இந்தச் சாலையில் ஒயர், ஃப்யூஸ், கனெக்டர், சால்டரிங் கம்பி கிடைக்கும். மூன்றாவது ஜே.சி. ரோடு. மைசூரின் கடைசி மன்னர் ஜெயச்சாமராஜேந்திர உடையாரின் பெயரைத் தாங்கியிருந்தாலும் அந்தச் சாலையை ஆள்வது வாகன உதிரிபாகக் கடைகள். ஸ்டீரியோவை வாங்கினால் பொருத்தித் தர ஆளும் அங்கேயே காத்திருப்பார், பெரும்பாலும் கையில் ஒரு வெட்டும் மிஷினுடன்.

ஆபத்து அந்த மிஷினில்தான். இன்றைய ஸ்டீரியோக்களின் முகப்பு ஜெர்மானிய அளவுத் திட்டத்தில் பிறந்தது: 180 மில்லிமீட்டர் அகலம், 50 மில்லிமீட்டர் உயரம். தொடுதிரை வைத்தவை இரு மடங்கு உயரம். பழைய ரேடியோவுக்கோ இரண்டு குமிழ்த் தண்டுகளுக்கான ஓட்டையும் நடுவில் சின்ன ஜன்னலும் போதும். அந்த ஜன்னலைப் பெரிதாக்க வெட்டினால் பெட்டி உட்கார்ந்துவிடும். ஆனால் வெட்டிய இரும்பு திரும்ப ஒட்டாது. பல பழைய வேன்களில் டேஷ்போர்டு என்பது தனிப் பிளாஸ்டிக் அல்ல, உடற்கூட்டோடு பற்றவைத்த தகடு. பின்னால் ஒயர் கட்டு ஓடுகிறது. பிளேடு ஒரு விரல் ஆழம் அதிகம் போனால் முகப்பு விளக்கும் சேர்ந்து அணையலாம். பெயின்ட் போன விளிம்பில் அடுத்த மழைக்காலமே துரு ஏறும்.

வெட்டாமல் முடிக்க வழி இல்லையா? உண்டு. நம் ஊர் வேன் டிரைவர்கள் வெகுநாள் முன்பே கண்டுபிடித்த வழி ஒன்று: தலைக்கு மேலே, கண்ணாடிக்கு மேல் விளிம்பில் ஒரு பலகைப் பெட்டி. நான்கு திருகாணியில் நிற்கும், நாளை கழற்றினாலும் வடு சிறிது. டேஷ்போர்டின் அடியில் தகடு வைத்துத் தொங்கவிடுவது இன்னொன்று. பழைய ரேடியோவின் முகத்தை அப்படியே விட்டுவிட்டு, ப்ளூடூத் வாங்கும் சிறிய ஆம்ப்ளிஃபையரை இருக்கைக்கு அடியில் ஒளித்துவைப்பது மூன்றாவது.

இடம் முடிவானதும் ஒயர். புதிய பெட்டிகளில் பெரும்பாலானவை ஒரே வண்ண வழக்கைப் பின்பற்றுகின்றன. மஞ்சள் பேட்டரியிலிருந்து எப்போதும் வரும் மின்சாரம். அது நேரத்தையும் அமைப்புகளையும் நினைவில் வைக்க. சிவப்பு, சாவி திருப்பினால் மட்டும் வரும் மின்சாரம். கறுப்பு, எர்த். மஞ்சளையும் சிவப்பையும் ஒன்றாக முறுக்கிப் பேட்டரியில் கொடுப்பது சுலபம், பாட்டும் வரும். ஆனால் சாவியை எடுத்தாலும் பெட்டி தூங்காது. ஒரு வாரம் ஷெட்டில் நின்றால் பேட்டரி இறங்கிவிடும். பிறகு தள்ளு ஸ்டார்ட்தான். மஞ்சள் ஒயரில் பேட்டரியின் அருகிலேயே ஃப்யூஸ் போடாமல் விடுவது அதைவிட மோசம். நடுவில் எங்காவது ஒயர் தேய்ந்து இரும்பைத் தொட்டால் வெடிப்பது ஃப்யூஸ் அல்ல, ஒயரே. மெத்தையும் கேஸ் சிலிண்டரும் உள்ள வண்டியில் அதன் பொருளை விளக்கத் தேவையில்லை.

ஸ்பீக்கரில் இன்னொரு பொறி காத்திருக்கிறது. பழைய வண்டிகள் பலவற்றில் ஸ்பீக்கரின் ஒரு முனை உடல் இரும்பில் இணைந்திருக்கும். மிச்சப்படுத்தியது ஒரு ஒயர். இன்றைய ஸ்டீரியோவுக்கு ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் இரண்டு ஒயர் வேண்டும். இரண்டும் இரும்பைத் தொடக் கூடாது. பழைய ஒயரையே பயன்படுத்தினால் புதிய பெட்டியின் ஒலிச் சில்லு முதல் நாளிலேயே கருகக்கூடும். புது ஒயர் இழுக்கும் கூலி அதைவிட மலிவு.

வோல்டேஜையும் பார்க்க வேண்டும். 1960களின் நடுப்பகுதி வரையிலான ஃபோக்ஸ்வேகன் வேன்கள் 6 வோல்ட். பெரிய பஸ்களிலும் லாரிகளிலும் 24 வோல்ட். சாதாரண ஸ்டீரியோ கேட்பது 12. 24 வோல்ட் வண்டியில் இரண்டு பேட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் எடுத்தால் காரியம் நடக்கும், சில மாதங்களுக்கு. ஒரு பேட்டரி எப்போதும் பசியோடும் மற்றது வயிறு நிறைந்தும் இருக்க, இரண்டும் விரைவில் கெட்டுவிடும்.

படுத்துறங்கும் வேனுக்குத் தனி விதி: பாட்டுக்கும் விளக்குக்கும் இரண்டாவது பேட்டரி. வண்டி ஓடும்போது ரிலே ஒன்று இரண்டையும் சார்ஜ் செய்யும், நின்றதும் பிரித்துவிடும். மிதமான ஒலியில் 2 ஆம்பியர் இழுக்கும் ஸ்டீரியோ 5 மணி நேரத்தில் 10 ஆம்பியர்-அவர் காலிசெய்கிறது. நடு இரவில் காட்டு ஓரத்தில் எஞ்சின் பேட்டரியிலிருந்து அது போனால் மறுநாள் காலை பாட்டும் இல்லை, பயணமும் இல்லை.

பயணத்தில் ரேடியோவும் வேண்டும் என்பவர்கள் மெனுவில் நாட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அமெரிக்க அமைப்பில் வந்த பெட்டி நடு அலையில் 10, 10ஆகத் தாவும். இந்தியாவில் இடைவெளி 9 கிலோஹெர்ட்ஸ். பெங்களூர் வானொலி பல்லாண்டு ஒலித்த 612 அந்த 10இன் படிக்கட்டில் இல்லை. 610இலும் 620இலும் காலை வைத்து அது கடந்துபோகும். 1980களின் நடுப்பகுதி வரை தபால் நிலையத்தில் உரிமக் கட்டணம் கட்டி ரேடியோ கேட்ட தலைமுறைக்கு இது சிரிப்பாக இருக்கும். 2001இல் நாட்டின் முதல் தனியார் எஃப்.எம். நிலையம் தொடங்கியது இதே பெங்களூரில்தான்.

சட்டம் ஸ்டீரியோவைத் தொடுவதில்லை. ஆனால் படுக்கை, சமையலறை என்று வண்டியின் பதிவு விவரம் மாறும் அளவுக்குப் போனால் 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவுப்படி ஆர்.டி.ஓ. ஒப்புதல் வேண்டும். 15 ஆண்டு கடந்த தனியார் வண்டிக்கு மறுபதிவும் பரிசோதனையும் உண்டு. 2022 ஏப்ரலில் காருக்கான மறுபதிவுக் கட்டணமே 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. இவ்வளவு செலவழித்துக் காப்பாற்றும் வண்டியை, டேப் சுற்றிய ஒயர் முடிச்சுகளுடன் அதிகாரியின் முன் நிறுத்துவதில் அர்த்தமில்லை.

புதிய பெட்டி பாடத் தொடங்கியதும் எல்லோரும் மறப்பது பழையதை. கேசட் பிளேயரோடு கேசட்டுகளும் குப்பைக்குப் போகின்றன. கடையில் வாங்கிய சினிமாப் பாட்டு எங்கும் கிடைக்கும். ஆனால் அதே பெட்டியில், பேனாவால் எழுதிய தாளுடன், பாட்டி பாடிய தாலாட்டோ கல்யாண நாள் நாதஸ்வரமோ ஒரே பிரதியாக இருக்கலாம். ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும் டேப்பை, ஓடும் நிலையில் ஒரு பிளேயர் கையில் இருக்கும்போதே டிஜிட்டலாக மாற்றிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். பெல்ட் மாற்றத் தெரிந்த கைகள் குறைந்துவருகின்றன.

இன்றைய புதிய கார்களில் இந்தத் தொல்லை இல்லை. பல கார்களில் இசை, ஏ.சி., பின்புறக் கேமரா எல்லாம் ஒரே திரைக்குள். அதைப் பிடுங்கிவிட்டு வேறொன்று வைப்பது லேசான காரியமல்ல. உரிமையாளர் தன் காதுக்குப் பிடித்ததை எளிதில் மாற்றிக்கொள்ள முடிகிற வண்டிகளின் வரிசையில் கடைசியாக நிற்பவை பழைய வேன்கள்தான்.

ரிச்சர்ட்ஸ் டவுனில் சில வீட்டுக்காரர்கள் பங்களாவின் முகப்பைத் தொடாமல் உள்ளே மட்டும் புதிய குளியலறை கட்டிக்கொள்கிறார்கள். வேறு சிலர் முழுவதையும் இடித்துவிடுகிறார்கள். வேனின் டேஷ்போர்டு முன்னாலும் அதே இரண்டு வழிகள்தான். முதல் வழிக்கு ஒரு பிற்பகல் கூடுதலாக ஆகும். இரண்டாவதற்குப் பிறகு திரும்பி வர வழியே கிடையாது.