வாலைப் பிடித்துப் பாடு!

கோபே நகரத்தில் என்ன பார்க்கலாம் என்று கேட்டால், துறைமுகத்தைப் பாருங்கள் என்பார்கள். ரொக்கோ மலையைப் பாருங்கள் என்பார்கள். இரண்டையும் பார்த்தேன். ஆனால் ஊர் திரும்பிய பிறகும் மனத்தைவிட்டுப் போகாமல் இருப்பது, சன்னோமியா ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், ஜன்னலே இல்லாத ஒரு சின்ன அறைதான்!

அது 'கராவோக்கே' அறை. 'கரா' என்றால் காலி. 'ஓக்கே' என்பது ஆர்கெஸ்ட்ரா என்னும் சொல்லை ஜப்பானியர் தங்கள் வாய்க்குத் தகுந்தபடி மாற்றி, தலையை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டது. அதாவது, பக்கவாத்தியம் இருக்கும். பாடகர் இடம் காலி. அந்த இடத்தில் நீங்கள் நின்றுகொள்ள வேண்டியதுதான்.

இந்தச் சங்கீத யந்திரத்துக்கும் கோபேக்கும் சம்பந்தம் உண்டு. இதே ஊரில் மதுக்கடைகளில் வாத்தியம் வாசித்துப் பிழைத்தவர் இனோவே டைசுகே. ரசிகர் ஒருவர், "வெளியூருக்கு என்னோடு வந்து நான் பாடும்போது வாசிக்கவேண்டும்" என்று கூப்பிட்டாராம். இவருக்குப் போக முடியவில்லை. வாத்திய இசையை மட்டும் நாடாவில் பதிவு செய்து கொடுத்தனுப்பினார். அதிலிருந்து பிறந்த யோசனையில் 1971-ம் வருஷம் காசு போட்டால் வாசிக்கும் 11 பெட்டிகளைச் செய்து கடைகளுக்கு வாடகைக்கு விட்டார். இவருக்கு முன்பே, 1967-ல், டோக்கியோவில் நெகிஷி ஷிகேய்ச்சி என்பவரும் இதுபோன்ற பெட்டி ஒன்றைச் செய்திருந்தார். இருவருமே உரிமைப் பதிவு செய்துகொள்ளவில்லை. கோடி கோடியாக வந்திருக்க வேண்டிய பணம் போயிற்று. 2004-ல் இனோவேக்கு, வேடிக்கையான கண்டுபிடிப்புகளுக்கு வழங்கப்படும் 'இக் நோபல்' சமாதானப் பரிசு கிடைத்தது. மனிதர்கள் ஒருவரையொருவர் சகித்துக்கொள்ளப் புது வழி காட்டினார் என்பதற்காக! அடுத்த அறையில் பாடுகிறவரைக் கேட்டவர்களுக்கு இதன் பொருள் நன்றாக விளங்கும்.

நான் விருந்தாளியாகத் தங்கியிருந்த வீட்டில் ஐந்து நாளில் பழகிவிட்டார்கள். மகன், மருமகள், ஒன்பது வயதுப் பேத்தி, மாமியார் அம்மாள். ஒரு சனிக்கிழமை மாலை, "எல்லோரும் பாடப் போகிறோம், நீங்களும் வாருங்கள்" என்றாள் மருமகள். அவளுக்கு ஆங்கிலம் வரும். சமையலறையில் பாத்திரம் துடைத்துக்கொண்டே மெல்லிய குரலில் சொன்னாள்: "மாமியாரும் வருவார். ஆனால் பாடமாட்டார். மாமனார் போய் மூன்று வருஷமாகிறது. அவர் எப்போதும் பாடிக்கொண்டிருந்தது ஒரே பாட்டு. அவர் போனதிலிருந்து மாமியார் எந்தப் பாட்டையும் பாடுவதில்லை."

"எந்தப் பாட்டு அது?" என்று கேட்டேன்.

"ஊவே ஓ முய்த்தே அருகோ." 

'மேலே பார்த்து நடப்போம்' என்று பொருள். 1961-ல் சாகமோத்தோ கியூ பாடியது. 1963-ல் அமெரிக்காவிலே முதலிடம் பிடித்த பாட்டு. அங்கே அதற்கு வைத்த பெயர்தான் அநியாயம்: 'சுகியாகி'! அது மாட்டிறைச்சியைக் கொதிக்க வைத்துச் சாப்பிடும் ஒரு பண்டத்தின் பெயர். துக்கத்தை மறைத்துக்கொண்டு தனியே நடக்கிற ஒருவனுடைய பாட்டுக்குச் சாப்பாட்டுப் பெயர்! அதைப் பாடிய சாகமோத்தோ 1985-ல் ஒரு விமான விபத்தில் காலமானார்.

அறைக்கு வாடகை அரை மணிக் கணக்கு, தலைக்கு இவ்வளவு. ஒரு பானம் கட்டாயம். மேஜைமேல் இரண்டு ஒலிவாங்கி, ஒரு கஞ்சிரா மாதிரியான வாத்தியம், இரண்டு கிலுகிலுப்பை, பாட்டுத் தேடும் பலகை. பாடி முடித்ததும் யந்திரம் நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போடும். மாமியார் அம்மாள் மூலையில் உட்கார்ந்து கிலுகிலுப்பையை எடுத்துக்கொண்டார்.

"சும்மா பாடினால் என்ன ருசி? ஷிரித்தோரி விளையாடுவோம்" என்றாள் பேத்தி.

'ஷிரித்தோரி' என்றால் வாலைப் பிடிப்பது. ஒருவர் சொன்ன சொல்லின் கடைசி எழுத்தில் அடுத்தவர் தொடங்கவேண்டும். 'ரிங்கோ' (ஆப்பிள்) என்றால் 'கோரிரா' (கொரில்லா). அதற்கு 'ராப்பா' (எக்காளம்). நம் அந்தாதியின் பேத்தி என்று வைத்துக்கொள்ளுங்களேன். அபிராமி பட்டர் நூறு பாட்டுக்குச் செய்ததை ஜப்பானியக் குழந்தைகள் ரயிலில் போகும்போது செய்கின்றன! ஆனால் ஒரு கண்டிப்பான சட்டம் உண்டு. 'ன்' என்று முடிந்தால் தோல்வி. ஏனென்றால் ஜப்பானிய மொழியில் அந்த எழுத்தில் தொடங்கும் சொல்லே கிடையாது. ஆகவே மிகான் (ஆரஞ்சு), ராமென், உதோன், கோஹான் (சாதம்) எதையும் வாயால் சொல்லக்கூடாது. அவ்வளவு ஏன், 'நிஹோன்' என்று அவர்கள் தேசத்தின் பெயரைச் சொன்னாலே ஆட்டம் போச்சு!

கராவோக்கேயில் இதையே பாட்டுகளின் தலைப்பை வைத்து ஆடுகிறார்கள். விருந்தாளி என்று முதல் மரியாதை எனக்கு. பிரயாணத்துக்கு முன்பே வீட்டில் ரகசியமாக ஒரு பாட்டைப் பழகியிருந்தேன். யோனெஸு கென்ஷி 2018-ல் வெளியிட்டுப் புகழ் பெற்றது. பெருமையோடு தலைப்பைச் சொன்னேன்: "லெமன்!"

பேத்தி சோபாவில் உருண்டு உருண்டு சிரித்தாள். ஆட்டம் தொடங்கிய முதல் விநாடியிலேயே 'ன்' போட்டுத் தோற்ற ஒரே மனுஷி நானாகத்தான் இருப்பேன்.

மறுபடி ஆரம்பித்தார்கள். மகன் 'ஃபுருசாத்தோ' பாடினார். 'சொந்த ஊர்' என்ற 1914-ம் வருஷத்துப் பள்ளிப் பாட்டு. அங்கே அது தெரியாதவர் இல்லை. 'தோ'வில் முடிகிறது. பேத்தி துள்ளி எழுந்து 'தோனாரி நோ தோத்தோரோ' பாடினாள். 1988-ல் வந்த கார்ட்டூன் படத்தின் பாட்டு. 'ரோ'வில் முடிந்தது. மருமகள் பலகையில் வெகுநேரம் தேடினாள். கடைசியில் 'ரோமான் ஹிகோ' என்ற பாட்டைத் தேர்ந்தெடுத்தாள். ஜப்பானிய எழுத்தில் அது 'உ'வில் முடியும்.

அடுத்த இடத்தில் உட்கார்ந்திருந்தவர் மாமியார்.

எனக்குச் சுருக்கென்றது. ஜப்பானியர் எழுதுகிற வழக்கப்படி 'ஊவே ஓ முய்த்தே அருகோ'வும் 'உ'வில்தான் தொடங்குகிறது! மகன் கிளாஸைக் கையில் வைத்தபடி அசையாமல் இருந்தார். 'என்ன பெண் இவள்! கிழவியை இப்படி மடக்கலாமா?' என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

மாமியார் கிலுகிலுப்பையை மேஜைமேல் வைத்தார். மருமகளை ஒரு தடவை பார்த்தார். ஒலிவாங்கியைக் கையில் எடுத்தார்.

அவர் குரல் நன்றாக இருந்தது என்று சொல்லமாட்டேன். நடுவில் சீழ்க்கை அடிக்கும் இடம் ஒன்று உண்டு. அவருக்கு அது வரவில்லை. வெறும் காற்றுதான் வந்தது. மகன் தலையைக் குனிந்தபடியே அந்தச் சீழ்க்கையை அடித்து முடித்தார். யந்திரம் 71 மதிப்பெண் போட்டது. "அந்த யந்திரத்துக்கு ஒன்றும் தெரியாது" என்றாள் பேத்தி.

அந்தப் பாட்டும் 'உ'விலேயே முடிகிறது. மகன் 'உமி' பாடினார். 'கடல்' என்ற குழந்தைப் பாட்டு. இம்முறை மாமியாரும் கூடவே பாடினார். பிறகு இன்னும் பத்து நிமிஷம்தான் இருக்கிறது என்று கடைக்காரரிடமிருந்து டெலிபோன் வந்துவிட்டது.

இரவு, படுக்கை விரித்துக்கொடுக்க வந்த மருமகளிடம் கேட்டேன்: "வேண்டுமென்றேதானே 'உ'வில் விட்டாய்?"

அவள் தலையணையைத் தட்டிக்கொண்டே, "உமியும் 'உ'தானே? அவர் அதைப் பாடிவிட்டு உட்கார்ந்திருக்கலாமே" என்றாள். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

எங்கள் வீட்டிலும் ஞாயிற்றுக்கிழமைகளில் 'பாட்டுக்குப் பாட்டு' உண்டு. 'ஞ', 'ய' என்று கஷ்டமான எழுத்தாகப் பார்த்து என் மாமியார் பக்கம் தள்ளிவிட்டு, அவர் விழிப்பதைப் பார்ப்பதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம். போன வாரமும் ஆடினோம். இந்தத் தடவை 'ம'வில் முடிகிற பாட்டாகத் தேடிப் பாடினேன்.

என் மாமியாருக்கு 'ம'வில் நிறையப் பாட்டுத் தெரியும்.