வெள்ளைப் பொய்

அரபு மொழியில் 'கதிப்' என்பது பொய்; 'அப்யள்' என்பது வெண்மை. இவ்விரு சொற்களையும் இணைத்து 'கதிப் அப்யள்' என்று தம் ஆவணப்படத்துக்குப் பெயர் சூட்டினார் மொராக்கோ நாட்டு இளம் இயக்குநர் அஸ்மா அல்முதீர். தீங்கு கருதாத பொய் என்பது அதன் பொருள். பிணங்கியோரை இணக்கச் சொல்லும் சொல்லுக்கு மார்க்கம் இடமளித்திருப்பதை நாம் அறிவோம். ஆயினும், ஒரு வீட்டையே ஆண்டுவந்த மௌனத்தை அவ்வகையில் சேர்க்கலாகுமா? இப்படம் நம்முன் வைக்கும் வினா இதுவே.

அஸ்மா பிறந்தது 1990-இல், ஸலா நகரில். வளர்ந்தது, அரபியர் 'தாருல் பைளா' என்றும் ஐரோப்பியர் 'காஸாபிளாங்கா' என்றும் வழங்கும் பெருநகரில். அவர் வீட்டில் குழந்தைப் பருவப் படங்கள் இல்லை. உருவப்படம் ஆகாதென்று மார்க்கத்தின் பெயரால் பாட்டியார் விலக்கி வைத்திருந்தார். ஆனால் சுவரில் மன்னர் இரண்டாம் ஹஸனின் படம் மட்டும் தொங்கிற்று!

உருவப்படம் பற்றி உலமாக்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. அதனுள் இங்கு நாம் புகவில்லை. எனினும், பேரப்பிள்ளையின் படத்துக்கு விலக்கும் மன்னரின் படத்துக்கு அனுமதியும் தரும் சட்டம் எந்த மத்ஹபிலும் இல்லை. அச்சம் பேணுதலின் ஆடையைப் போர்த்திக்கொண்டு நின்றது என்பதே உண்மை.

அவ்வச்சத்துக்குக் காரணம் உண்டு. உணவுப் பொருள்களின் விலையேற்றத்தை எதிர்த்து 1981 ஜூன் 20-ஆம் நாள் காஸாபிளாங்கா மக்கள் வீதிக்கு வந்தனர். துப்பாக்கிகள் வெடித்தன. மாண்டோர் 66 பேர் என்றது அரசு. 600-க்கும் மேல் என்றனர் எதிர்த்தரப்பினர். அடக்கம் செய்யவும் உடல் கிடைக்காத குடும்பங்கள் பல. 2005-இல்தான் நகரின் தீயணைப்புப் படை வளாகத்தில் புதைகுழி கண்டறியப்பட்டது.

படமில்லாத வரலாற்றை எவ்வாறு படமாக்குவது? அஸ்மாவின் தந்தை கட்டடத் தொழிலாளி. அவர் தம் தெருவையும் வீடுகளையும் சிற்றுருவில் சமைத்தார். அம்மாதிரித் தெருவின் முன் குடும்பத்தாரும் அண்டை அயலாரும் அமர்ந்தனர். அடைபட்டிருந்த நாவுகள் அவிழ்ந்தன. பாட்டியாரும் ஒளிப்படக் கருவியின் முன் வந்தார், சினத்துடன்.

ஏறத்தாழப் பத்தாண்டு உழைப்பின் பயனாகிய இப்படம், 2023-இல் கான் விழாவின் ஒரு பிரிவில் சிறந்த இயக்குநருக்கான விருதை அவருக்கு ஈட்டித் தந்தது. அதே ஆண்டு மராக்கிஷ் விழாவின் தங்க நட்சத்திர விருதையும் வென்றது. அவ்விருதைப் பெற்ற முதல் மொராக்கோப் படம் இதுவே. உலக அரங்கை நாடுவோர் பலர் தம் வீட்டை மறந்து புறப்படுகின்றனர். இவரோ தம் தெருவுக்குள் ஆழ்ந்து சென்றார். உலகம் அவரைத் தேடி வந்தது.

பாட்டியாரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நமக்கு மனம் வரவில்லை. பிள்ளைகளைக் காக்கவே அவர் வாய் மூடியிருக்கலாம். ஆனால், சாட்சியத்தை மறைப்போரின் இதயம் பாவத்துக்குள்ளாகிறது என்பது திருமறையின் எச்சரிக்கை. பேசும் துணிவு முதியோர்க்கு இல்லாதபோது கேட்கும் கடமை இளையோர்மேல் விழுகிறது. அதை நிறைவேற்றிய அப்பெண்ணை நாம் வாழ்த்துகிறோம்.