ஆர்தேஷ் மலையில் சைக்கிள் பயணம்

பிரான்ஸ் என்றதும் எங்கள் சனத்துக்குப் பாரிஸும் லா சப்பல் கடைத்தெருவும்தான் நினைவுக்கு வரும். நானும் இருபது வருடங்களாக அந்த வட்டத்துக்குள்தான் சுற்றினேன். வேலை, வீடு, கோயில், கலியாண வீடு. தெற்கே மலைகளும் சிற்றூர்களும் இருப்பது புகையிரத யன்னலால் பார்த்த அளவில்தான் தெரியும். 2023 யூனில் மகள் சோதனை முடித்துவிட்டு நின்றாள். அவளுக்கு அப்போது பத்தொன்பது வயது.

"அம்மா, சைக்கிளிலை மலைப்பக்கம் போவமா? நீங்கள்தானே சொல்லுறனீங்கள், யாழ்ப்பாணத்திலை எல்லாரும் சைக்கிள்தான் எண்டு."

சொல்வது உண்மைதான். பெற்றோல் வராத தொண்ணூறுகளில் விறகும் அரிசி மூட்டையும் கர்ப்பிணிப் பெண்ணும் சைக்கிளில்தான் போயின. ஆனால் யாழ்ப்பாணத்தில் மேடு என்று ஒன்று கிடையாதே! அங்கே எதிரி எதிர்க்காற்று மட்டும்தான்.

வலான்ஸ் நகர் வரை புகையிரதத்தில் போய், அங்கே கியர் வைத்த இரண்டு சைக்கிள்களை வாடகைக்கு எடுத்தோம். ரோன் நதிக் கரையோரமாகத் தெற்கே இறங்கினால் லா வூல்த் என்ற ஊர் வரும். அங்கிருந்துதான் ஆர்தேஷ் மாவட்டத்து மலைப்பாதை தொடங்குகிறது. டொல்ச்சே வியா என்று பெயர். இனிய பாதை என்று பொருள். முன்பு சின்னப் புகையிரதம் ஓடிய தடம் அது. 1968இல் அந்தச் சேவை நின்றுவிட்டது. பிறகு தண்டவாளம் போன வழியைச் சீர்செய்து சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் குதிரைக்குமாக விட்டிருக்கிறார்கள். கிளைகளோடு சேர்த்து ஏறத்தாழ 90 கிலோமீற்றர். புகையிரதம் ஏறக்கூடிய சாய்வு என்பதால் மூச்சு முட்டாது. எய்ரியூ ஆறு பக்கத்திலேயே வந்துகொண்டிருக்கும். பழைய பாலங்கள், இருண்ட சிறு சுரங்கங்கள், கோப்பிக் கடையாக மாறிய புகையிரத நிலையங்கள் என்று வழி நீளும்.

கரையெங்கும் பீச் பழத்தோட்டங்கள். மேலே பார்த்தால் மலைச்சரிவு முழுவதும் படிப்படியாகக் கல் அடுக்கிய வரம்புகள். சீமெந்தும் இல்லை, சாந்தும் இல்லை. பல தலைமுறைகள் கையால் அடுக்கியவை. அந்தப் படிகளுக்கு மேலே செஸ்நட் மரக் காடுகள். கோதுமை விளையாத அந்த மண்ணில் செஸ்நட்டைப் பாண் மரம் என்றே அழைத்தார்கள். அதன் கொட்டையைப் புகையில் உலர்த்தி, இடித்து மாவாக்கி, பனிக்காலம் முழுவதும் அதையே சாப்பிட்டுச் சீவித்தார்கள். கேட்டபோது எனக்கு ஒடியல்மாதான் நினைவுக்கு வந்தது. வறிய மண்ணுக்கு ஒரு மரம் கைகொடுப்பது எங்கும் உள்ளதுதான் போலும்.

இன்னொரு செய்தியும் உங்களுக்குப் பிடிக்கும். மலையூர்களில் மதியத்தில் கடைகள் பூட்டிவிடும். தண்ணீருக்கு எங்கே போவது? இடுகாட்டுக்கு! பூச்சாடிகளுக்கு ஊற்றவென்று அங்கே தண்ணீர்க் குழாய் இருக்கும். குடிக்கக் கூடாதென்று பலகை இல்லாவிட்டால் சைக்கிள்காரர் எல்லாரும் போத்தலை நிரப்பிக்கொள்வார்கள். எங்கள் அம்மம்மா இருந்திருந்தால் தலையில் தோய்ந்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வரச் சொல்லியிருப்பா.

தண்ணீர் எடுக்கப் போன ஓர் ஊரில் போர் நினைவுக்கல்லைப் பார்த்தேன். பிரான்சில் அநேகமாக எல்லா ஊரிலும் இது உண்டு. 1914 முதல் 1918 வரை நடந்த போரில் அந்த ஊரில் இருந்து போய்த் திரும்பாதவர்களின் பெயர்கள். முப்பது வீடு தேறாத அந்த ஊரில் ஒரே குடும்பப் பெயர் நான்கு தடவை இருந்தது. மகள் அவசரப்படுத்தினாள், எனக்குக் கால் எழவில்லை. 1914 ஓகஸ்டில் ஆண்கள் போர்முனைக்குப் போக, விளைந்து நின்ற வயலைப் பெண்கள் அறுக்க வேண்டும் என்று பிரதமர் விவியானி அறிக்கை விட்டார். அறுத்தார்கள். உழுதார்கள். போர் முடிந்தபோது நாட்டில் ஆறு இலட்சம் வரையான விதவைகள் இருந்தார்கள். கல்லில் அவர்களுடைய பெயர் ஒன்றும் இல்லை. மேலே கண்ட வரம்புகள் இடியாமல் இருந்தது யாரால் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

இரண்டாம் நாள் பாதையை விட்டு விலகி பிரான்ல் என்ற ஊருக்கு ஏறினோம். இது புகையிரதச் சாய்வு அல்ல; வளைந்து வளைந்து ஏறும் றோட்டு. கடைசிக் கியரிலும் ஏலாமல் இறங்கித் தள்ளினேன். ஆனால் வாகனத் தொல்லை இல்லை. இந்நாட்டுச் சட்டப்படி ஊருக்கு வெளியே சைக்கிளை முந்தும் வாகனம் ஒன்றரை மீற்றர் இடைவெளி விடவேண்டும். பின்னால் வந்த ஒரு லொறி, இடம் கிடைக்கும்வரை ஹோர்ன் அடிக்காமல் ஊர்ந்து வந்தது.

நாங்கள் போனது மரி டுரான் என்ற பெண் பிறந்த வீட்டைப் பார்க்க. இப்போது அது ஒரு நூதனசாலை. 1685இல் பதினான்காம் லூயி மன்னன் புரட்டஸ்தாந்து மதத்தைத் தடைசெய்தான். மலையில் இருந்தவர்கள் ஒளித்து வழிபட்டார்கள். மரியின் தமையன் அவர்களுடைய போதகர். அவரைப் பிடிக்க முடியாத கோபத்தில் 1730இல் மரியைப் பிடித்து, கடலோரம் உள்ள ஏக்மோர்த் கோட்டைக் கோபுரத்தில் அடைத்தார்கள். அவளுக்கும் அப்போது பத்தொன்பது வயது. 1732இல் தமையன் தூக்கிலிடப்பட்ட பின்னும் அவளை விடவில்லை. மதத்தை விடுகிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் வெளியே வரலாம். சொல்லவில்லை. 38 வருடங்கள். கூட இருந்த பெண்களுக்காகக் கடிதம் எழுதி உடுப்பும் உணவும் கேட்டவள் அவள்தான். 1768இல் விடுதலையாகி இதே வீட்டுக்கு வந்து, 1776இல் இங்கேயே இறந்தாள். கோபுரத்துக் கல்லில் 'எதிர்த்து நில்' என்று கீறியது அவள் என்று சொல்வார்கள்.

மகள் ஒன்றும் பேசவில்லை. திரும்பும் இறக்கத்தில், "38 வருசம் எண்டா எனக்கு 57 வயது அம்மா" என்றாள்.

அன்றிரவு கூடாரம் அடிக்கும் மைதானத்தில் தங்கலாம், மலிவு என்றாள். நான் மறுத்துவிட்டேன். தறப்பாளின் கீழே காசில்லாமல் எத்தனையோ இரவு படுத்தாயிற்று. காசு கொடுத்துப் படுக்க என்னால் ஏலாது. ஒரு வயதான பெண்ணின் வீட்டில் அறை கிடைத்தது. செஸ்நட் மாக் கேக்கும் தந்தா.

மூன்றாம் நாள் லெ ஷெய்லாரைத் தாண்டிச் சென் அக்ரேவ் நோக்கி ஏறும்போது திடீரென்று தலைக்கு மேலே ஒரு போர் விமானம். இந்த மலைகளுக்கு மேலே தாழப் பறந்து பயிற்சி செய்வார்களாம். எனக்கு எப்படி என்று தெரியாது. சைக்கிள் ஒரு பக்கம், நான் கானுக்குள். மகள் வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. சைக்கிளை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நான் எழும்பும்வரை பொறுத்திருந்தாள். கழன்ற செயினையும் அவளே போட்டாள்.

சென் அக்ரேவ் ஆயிரம் மீற்றருக்கு மேல் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றே வேறு; யூனிலும் சுவெற்றர் தேவைப்பட்டது. அப்பால் லு ஷாம்போன் என்ற ஊர். இரண்டாம் உலகப்போரில் நாசிகளிடம் இருந்து தப்பி வந்த யூதர்களை, பிள்ளைகள் உட்பட ஆயிரக்கணக்கானவர்களை, இந்த ஊரவரும் அயலூரவரும் ஒளித்து வைத்துக் காத்தார்கள். போதகர் அந்திரே துரொக்மேயின் மனைவி மக்தா, பனிக்காலத்தில் கதவைத் தட்டிய ஒரு ஜேர்மனிய யூதப் பெண்ணை உள்ளே வரச் சொன்னதை இன்றும் பேசுகிறார்கள். செலவு இல்லாமல் நடக்கவில்லை. 1943 யூனில் ஒரு மாணவர் விடுதி சுற்றிவளைக்கப்பட்டது. பொறுப்பாக இருந்த தானியேல் துரொக்மே மாணவர்களோடு கொண்டுபோகப்பட்டு, அடுத்த வருடம் வதைமுகாமில் இறந்தார். 1990இல் ஊர் முழுவதையும் இஸ்ரேலின் யாட் வாஷெம் நிறுவனம் கௌரவித்தது. ஏன் இவ்வளவு துணிந்தார்கள் என்றால், தங்கள் பாட்டன் பூட்டனும் ஒளித்து வாழ்ந்தவர்கள் என்ற நினைவு அவர்களுக்கு இருந்தது என்கிறார்கள். மரி டுரானை அவர்கள் மறக்கவில்லை.

நினைவகத்தை விட்டு வெளியே வந்ததும் மகள் கேட்டாள்: "95இலை உங்களுக்கு ஆர் கதவு திறந்தது?"

இதுவரை அவள் கேட்டதில்லை. சைக்கிளை உருட்டிக்கொண்டே சொன்னேன். ஒக்ரோபர் 30 இரவு மழைக்குள் நாவற்குழிப் பாலம் தாண்டியது. சைக்கிள் கரியரில் அம்மம்மா இருக்க நான் தள்ளியது. மீசாலையில் ஒரு வீட்டு விறாந்தையில் இருபத்தாறு பேர் படுத்தது. அந்த வீட்டு அம்மா கடைசி அரிசியை அளந்து கஞ்சி காய்ச்சியது.

"அவவின்ர பேர் என்ன?"

"தெரியாது பிள்ளை. அக்கா எண்டுதான் கூப்பிட்டனாங்கள்."

அதற்குள் இறக்கம் வந்துவிட்டது. அவள் முன்னால் போனாள். பிறேக்கைப் பார்த்துப் பிடிக்கும்படி கத்திக்கொண்டு நான் பின்னால் இறங்கினேன்.