ஆட்டமில்லாத மாதங்கள்

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தைப் பின்தொடர்பவர்கள் மார்ச் மாதத்துக்காகக் காத்திருப்பார்கள். தேசியப் போட்டி அப்போதுதான் தொடங்கும். எனக்கு அதற்கடுத்து வரும் கோடையில்தான் அக்கறை அதிகம். ஆட்டமே இல்லாத அந்த மாதங்களில் ஓர் அணி எதை மாற்றிக்கொள்கிறது, எதை விடாமல் வைத்துக்கொள்கிறது என்று கவனிப்பதில் எனக்கு அலுப்பே வந்ததில்லை. நான் கவனித்தவற்றுள் 2018-இல் வர்ஜீனியா பல்கலைக்கழக அணி கடந்துவந்த கோடைக்கு ஈடாக இன்னொன்றைச் சொல்ல மாட்டேன்.

அந்த ஆண்டு மார்ச் 16 அன்று, சார்லட் நகரில், போட்டித் தரவரிசையில் முதல்நிலை பெற்றிருந்த வர்ஜீனியா முதல் சுற்றிலேயே 54–74 என்று தோற்றது. வென்றது யு.எம்.பி.சி. என்ற, கூடைப்பந்தில் அதிகம் பேர் அறியாத, 16-ஆம் நிலைப் பல்கலைக்கழக அணி. அதற்குமுன் ஆண்கள் போட்டியில் முதல்நிலை அணிகளும் 16-ஆம் நிலை அணிகளும் 135 முறை மோதியிருந்தன. 135 முறையும் முதல்நிலை அணியே வென்றது. இடைவேளையின்போது 21–21 என்று சமமாக இருந்த ஆட்டம் அது. வழக்கமாக முழு ஆட்டத்துக்கே ஏறக்குறைய 54 புள்ளிகள்தான் விட்டுக்கொடுக்கும் அணி, அன்று பிற்பாதியில் மட்டும் 53 புள்ளிகளை விட்டது.

இப்படித் தோற்றால் எல்லாவற்றையும் மாற்று என்ற குரல்தான் முதலில் எழும். கோச் டோனி பென்னட் அதற்குச் செவிகொடுக்கவில்லை. அவருடைய ‘பேக் லைன்’ தடுப்பாட்டம் அப்பா டிக் பென்னட் உருவாக்கியது. பந்து வைத்திருப்பவரை ஒருவர் நெருக்குவார், மற்ற நால்வரும் கூடையைச் சுற்றி ஒடுங்கி நின்று உள்ளே நுழைய வழிவிடாமல் அடைப்பார்கள். தூரத்திலிருந்து எறிபவர்களுக்கு இது கொஞ்சம் இடம் கொடுக்கும். யு.எம்.பி.சி. அன்று 24 மூன்று புள்ளி முயற்சிகளில் 12-ஐக் கூடையில் போட்டது. ஆனாலும் பென்னட் தடுப்பாட்டத்தில் கை வைக்கவில்லை. ஓர் இரவின் தோல்விக்காகப் பல ஆண்டு உழைப்பை எறிந்துவிடாத அந்த நிதானம் எல்லாக் கோச்சுகளுக்கும் வாய்ப்பதில்லை.

பழுது வேறிடத்தில் இருந்தது. வர்ஜீனியா நிதானமாக ஆடும் அணி. பின்தங்கிவிட்டால் வேகமாகப் புள்ளி சேர்க்க அதனிடம் வழி குறைவு. அடுத்த சீசனில், பழைய தாக்குதல் முறையோடு, பந்து வைத்திருப்பவருக்கே அடுத்தடுத்து ஸ்கிரீன் போட்டுக்கொடுக்கும், அதாவது எதிரணித் தடுப்பாளரை மறித்து நின்று வழி உண்டாக்கும், முறையும் சேர்ந்தது. அணி வீரர் டை ஜெரோமின் கையில் பந்து இருக்கும்போது அதன் பலன் தெரிந்தது. 5 அடி 9 அங்குல உயரமே கொண்ட கிஹேய் கிளார்க் என்ற முதலாண்டு மாணவரும் வந்து சேர்ந்தார். கோடையில் கோச்சுகளுக்குக் கிடைக்கும் பயிற்சி நேரத்துக்கு விதிமுறையில் கடுமையான வரம்பு உண்டு. மிச்சமெல்லாம் மாணவர்கள் தாமாகவே ஜிம்முக்கு வந்து செய்வதுதான்.

மனசு தேறுவதற்கு அட்டவணை கிடையாது. அணி வீரர் கைல் கை தன் மனப்பதற்றத்தைப் பற்றி வெளிப்படையாக எழுதினார். தோற்ற இரவில் குனிந்து நின்ற தன் படத்தையே ட்விட்டரில் முகப்புப் படமாக வைத்துக்கொண்டார். இருபது வயதில் அவமானத்தை இப்படி நேருக்கு நேர் பார்க்க எத்தனை பேரால் முடியும்! மணிக்கட்டு முறிந்ததால் அந்த ஆட்டத்தில் இறங்க முடியாமல்போன டிஆண்ட்ரே ஹன்டரும் என்.பி.ஏ. பக்கம் போகாமல் கல்லூரிக்கே திரும்பினார்.

2019 முதல் சுற்றில் மறுபடியும் 16-ஆம் நிலை அணி ஒன்றிடம் 14 புள்ளிகள் பின்தங்கினார்கள். இந்த முறை பதறவில்லை, 71–56 என்று வென்றார்கள். பின்னர் பர்டியூ அணிக்கு எதிராகக் கடைசி நொடிகளில் தன் பக்க அரைக்களத்துக்கு ஓடிய பந்தைத் துரத்திப் பிடித்து, சக வீரர் மமாடி டியாகிட்டேயிடம் நீளமாக எறிந்தவர் அந்தச் சின்ன உருவக் கிளார்க். டியாகிட்டேயின் எறி ஆட்டத்தைக் கூடுதல் நேரத்துக்குக் கொண்டுபோனது. அடுத்து ஆபர்ன் அணிக்கு எதிராக 0.6 நொடி மீதமிருக்கையில் மூன்று ஃப்ரீ த்ரோக்களையும் போட்டு 63–62 என்று அணியைக் கரைசேர்த்தவர் கைல் கை. இறுதியாட்டத்தில் ஹன்டர் 27 புள்ளிகள் எடுக்க, டெக்சஸ் டெக் அணியைக் கூடுதல் நேரத்தில் 85–77 என்று வென்று வர்ஜீனியா முதன்முறையாகத் தேசியக் கோப்பையைத் தொட்டது.

அதற்குப் பின் பென்னட்டின் அணி தேசியப் போட்டியில் ஓர் ஆட்டம்கூட வெல்லவில்லை. 2024 அக்டோபரில் அவர் ஓய்வுபெற்றார். இன்று கல்லூரி மாறுவது மாணவர்களுக்கு எளிதாகிவிட்டதால், தோற்ற அணி அடுத்த கோடையில் கலைந்துபோவது சாதாரணம். மாணவர்களின் உரிமை என்ற அளவில் அது நியாயமே. ஆனால் தோற்றவர்களே சேர்ந்திருந்து எழும் கோடைகள் இனி அரிதாகும் என்ற வருத்தம் எனக்கு உண்டு. அந்த இரண்டு ஆட்டங்களின் காணொளிகளையும் தேடிப் பாருங்கள். 2018 தோல்வியை முதலில் பாருங்கள், 2019 இறுதியாட்டத்தைப் பிறகு.